மியான்மர் போதகர்களைத் தாங்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தால்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் உள்ள ஒரு சபை. மிஷனெரி காணிக்கையில் ஓரளவு பணம் சேர்ந்திருக்கிறது. மியான்மரில் பாப்டிஸ்ட் ஊழியம் செய்யும் உள்ளூர்ப் போதகர்கள் பத்துப் பேரை, தலைக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் தாங்க முடியுமா என்று ஓர் அமைப்பு எழுதிக் கேட்டிருக்கிறது. கமிட்டியில் மூன்று பேச்சு. பத்துப் பேரையும் அப்படியே எடுத்துக்கொள்வோம் என்கிறார் ஒருவர். அங்கே உள்ள வேதாகமப் பள்ளிக்குக் கொடுப்போம் என்கிறார் இன்னொருவர். நம் பிள்ளைகளிலேயே ஒருவரை மிஷனெரியாக அனுப்பலாமே என்பது மூன்றாவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தை ஏற்காதீர்கள். பயிற்சிக்குக் கொடுங்கள்: ஆசிரியருக்கு, புத்தகத்துக்கு, மாணவர் சாப்பாட்டுக்கு, அவர் ஊருக்குப் போய்வரும் வழிச்செலவுக்கு. படித்து முடித்து வந்தவருக்குச் சோறு போடுவது அவருடைய சபையின் பொறுப்பாகவே இருக்கட்டும். மிஷனெரி அனுப்புவதைக் கடைசியாக யோசியுங்கள். வருடம் 12 லட்சம் ரூபாய் கொடுக்கத் துணிந்த சபை, அதில் பாதியைப் பள்ளிக்குக் கொடுத்தாலே பத்துப் போதகர்களை விட நீண்ட பலன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

நான் இப்படிச் சொல்வதற்கு முதல் காரணம் பாப்டிஸ்ட் சபை ஒழுங்கிலேயே இருக்கிறது. அங்கே பிஷப் கிடையாது. சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் டயோசிஸ், அதாவது பிஷப்பின் திருமண்டலம், போதகரை நியமிக்கும், மூன்று நான்கு வருடத்தில் இடமாற்றும். பாப்டிஸ்ட்களிடம் அந்த ஏற்பாடே இல்லை. விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் கூடினால் அதுதான் சபை. போதகரை அழைப்பதும் அபிஷேகம் பண்ணுவதும் தவறினால் விலக்குவதும் அந்தச் சபையே. போதகரைத் தட்டிக் கேட்கும் உரிமை அவரைப் போஷிக்கும் கையோடு சேர்ந்தே வருகிறது. சம்பளம் சென்னையிலிருந்து போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாதக் கடைசியில் யாருக்கு அறிக்கை எழுதுவார்? உங்களுக்குத்தான். சபையாரும் காணிக்கைப் பை வரும்போது, "அவருக்குத்தான் வெளியே இருந்து வருகிறதே" என்று கையை மடக்கிக்கொள்வார்கள். மேலே பிஷப் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு சபைக்கு நாம் தொலைவிலிருந்து ஒரு பிஷப்பை வைத்துவிடுகிறோம், அங்கி மட்டும்தான் இல்லை.

இது புதுச் சிக்கல் அல்ல. பாப்டிஸ்ட் மிஷன் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது. 1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் சில போதகர்கள் ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கக் கூடி வாக்குக் கொடுத்த தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதை நம்பித்தான் வில்லியம் கேரி அடுத்த ஆண்டு வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பணம் எத்தனை நாள் வரும்? அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்துப் பிழைத்தார். 1800இல் டேனிஷ்காரர் கையில் இருந்த செராம்பூருக்குப் போனார். நம் தரங்கம்பாடியும் அப்போது அவர்களிடம்தான் இருந்தது. கம்பெனி ஆட்சி மிஷனெரிகளை விரட்டிய காலத்தில் டேனிஷ் கொடி ஒரு குடை. அங்கே கேரி கல்கத்தாக் கல்லூரியில் வாங்கிய சம்பளம், உடன் மிஷனெரிகளான மார்ஷ்மன் குடும்பத்தின் பள்ளி வருமானம், வார்டின் அச்சக வருமானம் எல்லாம் ஒரே பொதுப் பையில் போய்ச் சேர்ந்தன. 1805இல் அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கிறது: இந்த நாடு முழுவதும் செய்தி போக வேண்டுமானால் அது இந்த நாட்டுப் பிரசங்கிகளால்தான் முடியும், இங்குள்ள சபைகள் தங்கள் போதகரையும் உதவிக்காரரையும் தங்கள் மக்களிலிருந்தே தேர்ந்துகொள்ள வேண்டும். 1818இல் செராம்பூர் கல்லூரியை ஆரம்பித்ததும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

அதே செராம்பூரில்தான் பணத்தகராறும் வந்தது. கட்டடங்களும் நிலமும் யாருடையவை, லண்டனில் உள்ள சங்கத்துடையவையா, அங்கேயே சம்பாதித்து வாங்கியவர்களுடையவையா? இந்தத் தகராறில் 1827இல் இரு தரப்பும் பிரிந்தே போயின. மறுபடி சேரப் பத்து வருடம் ஆயிற்று. அதற்குள் கேரி இறந்துவிட்டார். பத்திரம் யார் பெயரில் என்று முதல் நாளே கேட்காத மிஷன் காரியங்கள் பல நீதிமன்ற வாசலில்தான் போய் நின்றிருக்கின்றன. நம் ஊர்ச் சபைச் சொத்து வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, உங்களுக்கு வேண்டியது மியான்மர். அங்கே பாப்டிஸ்ட்கள் 200 வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். அந்த நாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரியது அவர்களுடையதே. தொடக்கத்தில் சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன் 1812இல் வேறொரு சபைப் பிரிவின் மிஷனெரியாகப் புறப்பட்டார். கப்பலில் வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அதோடு அவரை அனுப்பிய சங்கத்தின் உதவியும் நின்றது. கம்பெனி நாடு கடத்தப் பார்த்தது. மொரீஷியஸ் போய்ச் சுற்றி மதராசுக்கு வந்தார். அங்கேயும் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில், துறைமுகத்தில் புறப்படத் தயாராக இருந்த கப்பல் ரங்கூன் போவதாக இருந்தது. 1813 ஜூனில் அதில் ஏறினார். இவருக்காகவே அமெரிக்க பாப்டிஸ்ட்கள் 1814இல் பிலடெல்பியாவில் கூடித் தேசிய அளவில் ஒரு மிஷன் அமைப்பை உண்டாக்கினார்கள். அதாவது ஆள் முதலில் போனார், அனுப்பும் சங்கம் பிறகு வந்தது.

ஜட்சனுக்கு முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819இல். ஆறு வருடம். கேரிக்கு ஏழு வருடம். கிருஷ்ண பால் என்ற தச்சர் 1800 டிசம்பரில் முழுக்கெடுத்தார். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் கமிட்டி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஏனென்று அறிக்கைகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

பர்மாவில் வேகம் வந்தது அந்த நாட்டுச் சிறுபான்மை இனமான கரேன் மக்களிடம். கோ தா பியூ என்பவர் ஒரு கரேன். வழிப்பறியும் கொலையும் செய்து திரிந்தவர் என்று அவரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கடனுக்கு அடிமையாக இருந்தவரைப் பணம் கொடுத்து மீட்டார்கள். வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கற்றார். 1828 மே மாதம் டவாயில் ஞானஸ்நானம் எடுத்தார். 1840இல் இறக்கும்வரை கரேன் கிராமங்களில் ஓயாமல் நடந்தார். எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல. கரேன் மொழிக்கு அப்போது எழுத்தே இல்லை. பர்மிய எழுத்தை ஒட்டி ஜோனதன் வேட் அதற்கு வடிவம் கொடுத்தது 1830களின் தொடக்கத்தில். முதல் தலைமுறைப் பிரசங்கி எப்போதும் இப்படி யாரோ ஒருவர்தான். பயிற்சி என்ற கேள்வி இரண்டாம் தலைமுறையில் வருகிறது.

இங்கேதான் பஸ்ஸேன் கதை. இன்று அதன் பெயர் பத்தேன், ஐராவதி டெல்டாவில் நெல் விளையும் சீமை. 1840இல் அது பர்மிய அரசரின் ஆட்சியில் இருந்தது. கிறிஸ்தவப் புத்தகம் வைத்திருந்தால் அதிகாரிகள் அடித்து விலங்கு போடுவார்கள். எலைஷா அபட் என்ற அமெரிக்க மிஷனெரி அதற்குள் நுழைய முடியாமல், மலைக்கு அப்பால் ஆங்கிலேயர் வசம் இருந்த அரக்கானில் சாண்டோவே ஊரில் குடியேறினார். நடுவே அரக்கான் யோமா மலைத்தொடர். கரேன் இளைஞர்கள் அந்த மலையைத் தாண்டி வந்தார்கள், படித்தார்கள், திரும்பிப் போய்த் தங்கள் ஊரிலேயே சபைகளை நடத்தினார்கள். பர்மா மிஷனில் பொதுவாகவே மழைக்காலம் படிப்புக்கு, வறண்ட காலம் ஊர் ஊராகப் போவதற்கு என்று ஆண்டைப் பிரித்திருந்தார்கள். அபட் அவர்களில் சிலரை முழுப் போதகர்களாக அபிஷேகம் பண்ணி, ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டார். அவரால் எல்லை தாண்டிப் போக முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. கட்டாயத்தில் செய்ததுதான், ஆனால் அதுதான் அந்தச் சபைகளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எல்லா முடிவுக்கும் அவர் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

அபட் முதலில் சில பிரசங்கிகளுக்கு மிஷன் பணத்திலிருந்து சிறு தொகை கொடுத்தவர்தான். பிறகு அதைக் குறைத்தார். சபையே போதகரைத் தாங்கட்டும் என்று வற்புறுத்தினார். 1852 போருக்குப் பிறகு பஸ்ஸேன் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1850களின் நடுவிலேயே பஸ்ஸேன் கரேன் சபைகள் தங்கள் போதகர்களுக்கு அமெரிக்கப் பணம் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. எப்படித் தாங்கினார்கள்? நெல்லால். அறுவடையில் ஒரு பங்கு போதகர் வீட்டுக்குப் போகும். பஸ்ஸேன் நகரப் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு வேண்டிய அரிசியையும் கிராமச் சபைகளே சேர்த்து அனுப்பின. கோ தா பியூ ஞானஸ்நானம் எடுத்த 50ஆம் ஆண்டு நினைவாக 1878இல் அங்கே ஒரு பெரிய மண்டபம் எழுந்தது. அதற்கும் பணம் கரேன் மக்களுடையது. அதே பத்தாண்டின் முடிவில் இந்தச் சபைகள் வடக்கே பாமோ பகுதிக்குத் தங்கள் ஆட்களை மிஷனெரிகளாக அனுப்பின, கச்சின் மக்களிடம். 1882இல் கச்சின்களில் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. பயிற்சி பெற்று நாற்பது வருடம் ஆகாத ஒரு சபை, தானே அனுப்பும் சபையாகிவிட்டது.

இதில் அமெரிக்கர் பணம் எங்கே போயிற்று? பயிற்சிக்கு. 1845இல் மோல்மேனில் கரேன் போதகர்களுக்காக ஒரு வேதபாடசாலை ஆரம்பித்தார்கள், ஜோசப் பின்னி என்பவர் தலைமையில். பாடம் கரேன் மொழியில். பிறகு அது ரங்கூனுக்கு மாறி, இன்செயினில் நிலைத்தது. இன்று மியான்மரில் உயர்ந்த இறையியல் படிப்புக்கு எல்லாரும் சொல்லும் பெயர் இன்செயின்தான்.

நான் இவ்வளவு நேரம் பஸ்ஸேனில் நிற்பதற்குக் காரணம் 1966. நே வின்னின் ராணுவ அரசு வெளிநாட்டு மிஷனெரிகளை நாட்டைவிட்டு வெளியேற்றியது. மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஏற்கெனவே அரசுடைமை ஆகியிருந்தன. வெளியிலிருந்து சம்பளம் வாங்கியே பழகிய சபைகளாக எல்லாம் இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். முடியவில்லை. போதகர்கள் உள்ளூர்க்காரர்கள், பயிற்சிப் பள்ளி உள்ளூர்க்காரர் கையில், சாப்பாடு சபையுடையது. கதவு சாத்திய பிறகும் சபைகள் வளர்ந்தன.

ஆனால் பஸ்ஸேனை அப்படியே எல்லா இடத்திலும் ஒட்டவைக்கப் பார்ப்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. அங்கே நெல் இருந்தது. கரேன் மக்களிடம், தொலைந்துபோன புத்தகம் ஒன்று கடல் தாண்டி ஒரு வெள்ளைச் சகோதரன் கையில் திரும்பி வரும் என்ற பழைய கதை இருந்தது. பிறகு ஆங்கிலேய ஆட்சியின் நிழலும் இருந்தது. அந்த நிழலுக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. பர்மியருக்கும் கரேனுக்கும் நடுவில் விழுந்த பிளவு இன்றைக்கும் ஆறவில்லை. சீனாவில் டி. பி. கிராஃபோர்டு என்ற பாப்டிஸ்ட் மிஷனெரி, உள்ளூர் ஊழியருக்கு மிஷன் காசு ஒரு பைசாவும் கூடாது என்று பிடிவாதமாக நின்று, 1890களில் தன் சங்கத்தையே உடைத்துக்கொண்டு வெளியேறினார். அவருக்கு நிலம் வீடு என்று சொந்த வருமானம் இருந்தது. வயிறு நிறைந்தவர் சுயசார்பைப் பற்றிப் போதிப்பது சுலபம்.

எது நடுவழி என்று கேட்டால் ஜமைக்காவைக் காட்டுவேன். அங்கே பாப்டிஸ்ட் ஊழியத்தை ஆரம்பித்தது மிஷன் சங்கம் அல்ல. ஜார்ஜ் லைல், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலையானவர், 1783இல் கிங்ஸ்டன் வந்தார். விவசாயம் செய்தும் வண்டியில் சரக்கு ஏற்றியும் பிழைத்துக்கொண்டே பிரசங்கித்தார். அந்தச் சபைகள் கேட்டுக்கொண்ட பிறகே 1814இல் இங்கிலாந்திலிருந்து ஆள் வந்தார். 1831 கிறிஸ்துமஸில் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கித் தூக்கில் தொங்கிய சாம் ஷார்ப் ஒரு பாப்டிஸ்ட் டீக்கன். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1842இல், ஜமைக்கா சபைகள் இனி லண்டன் பணம் வேண்டாம் என்று அறிவித்தன. அடுத்த ஆண்டே கலபார் என்ற பெயரில் போதகர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. சபைகளின் செலவைச் சபைகள் ஏற்றன. கல்லூரிக்கு மட்டும் லண்டன் சங்கம் தொடர்ந்து உதவியது. சர்க்கரை விலை விழுந்து தீவே வறுமையில் சரிந்தபோது சபைகள் ரொம்பத் திணறின, மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அப்படிப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டது சரியானது. போதகரைப் போஷிப்பது உள்ளூர் வேலை. போதகர்களை உருவாக்குவது ஒரு சபையால் முடியாத வேலை, பல சபைகளும் வெளியாட்களும் சேர்ந்து செய்யலாம்.

இப்போது உங்கள் மூன்றாவது கட்சி, ஆள் அனுப்பலாம் என்பவர்கள். அவர்களுக்கு நாகாலாந்தைச் சொல்லுங்கள். 1870களின் தொடக்கத்தில் அங்கே முதலில் மலை ஏறியவர் அமெரிக்க மிஷனெரி க்ளார்க் அல்ல, அசாம் சமவெளியில் சிவசாகரிலிருந்த அசாமிய ஊழியர் கோதுலா. ஆவோ நாகர்களின் ஊருக்குப் போனார், சந்தேகப்பட்டு அடைத்தும் வைத்தார்கள். 1872 நவம்பரில் ஒன்பது நாகர்களைச் சிவசாகருக்கு அழைத்து வந்து ஞானஸ்நானம் பெறச் செய்தார். பக்கத்துச் சமவெளிக்காரர், பக்கத்து மொழி அறிந்தவர், அதே சோற்றைச் சாப்பிடுபவர். 2011 கணக்கெடுப்பில் நாகாலாந்து மக்களில் 88 சதவீதம் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் பாப்டிஸ்ட்கள். மியான்மர் எல்லைக்கு அந்தப் பக்கமும் நாகர்கள் இருக்கிறார்கள், உறவுக்காரர்கள். நம் பையன் ஒருவன் விசாவுக்கு அலைந்து, மொழி கற்கவே சில வருடம் செலவழித்து அங்கே போய் நிற்பதைவிட, எல்லையோரத்துக்காரர்கள் செய்வது எவ்வளவோ மேல்.

ஆயுள் முழுவதும் இருந்துவிடுகிறேன் என்று ஒருவர் வந்தால் கதை வேறு. அதற்கும் உதாரணம் நமக்குத் தூரத்தில் இல்லை. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த டாக்டர் பால் பிராண்டின் பெற்றோர், ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். கணவர் ஜெஸ்ஸி 1929இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அந்த அம்மா மலையை விடவில்லை. மற்ற மலைகளுக்கும் போய் வேலை செய்து, 1974இல் 95 வயதில் இங்கேதான் கண் மூடினார். உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால் தடுக்காதீர்கள். இரண்டு வருடம் போய்ப் பார்க்கிறேன் என்பவருக்கு மிஷனெரி என்ற பட்டம் கொடுக்க வேண்டாம். அங்கே உள்ள பள்ளி ஆங்கில ஆசிரியரோ கணக்கு எழுதத் தெரிந்தவரோ வேண்டும் என்று கேட்டால் ஒரு பருவத்துக்கு அனுப்புங்கள், போதும்.

பயிற்சி என்றால் எப்படிப்பட்டது என்பதையும் பார்த்துக் கொடுங்கள். முதலில் மொழி. மியான்மரில் சின், கச்சின், கரேன் மாணவருக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் பட்டம் கிடைக்கும். ஊரில் பிரசங்கம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வராது. அடுத்தது தூரம். நல்ல மாணவனைப் பார்த்ததும் அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பிப் படிக்க வைக்க நமக்கு ஆசை வரும். போனவர்களில் ஊர் திரும்பாதவர்களை நான் அறிவேன், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு போர் நடக்கும் ஊருக்கு யார் திரும்புவார்? பள்ளியில் பாடம் நடத்தப்போகும் ஒருவரை மேல்படிப்புக்கு அனுப்புவது தேவை. கிராமத்துப் போதகரை அனுப்புவது தேவையில்லை.

மூன்றாவது, வேலையோடு படிக்கும் வழி. 1963இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன்கள் ஒரு காரியம் செய்தார்கள். உண்மையில் சபை நடத்துகிறவர்கள் குடும்பமும் நிலமும் உள்ள பெரியவர்கள், கல்லூரி விடுதியில் வந்து தங்க முடியாதவர்கள் என்று கண்டு, ஆசிரியரை அவர்களிடம் அனுப்பினார்கள். வீட்டில் பாடப்புத்தகம், வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் கூடிப் பேசுவது. இந்தியாவில் டாஃப்டீ என்ற பெயரில் 1971இலிருந்து இதே முறை நடக்கிறது, நம்மில் சிலரே அதில் படித்திருப்போம். விடுதிக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் இப்படிப் பலரைப் பயிற்றுவிக்கலாம். நன்றாகப் பேசும் இளைஞனுக்கு டிப்ளமா கொடுத்து அனுப்பி, ஊர்ப் பெரியவர்கள் அவனை ஏற்காமல் விட்ட கதை எத்தனையோ. ஏற்கெனவே ஊர் மதிக்கும் ஒருவருக்கு வேதத்தைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் அந்தச் சிக்கலே இல்லை.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போதகரிடமிருந்து இப்படி வரும்: மார்ச், சந்தித்த வீடுகள் 42, ஜெபக்கூட்டம் 9, ஞானஸ்நானம் 3. ஏப்ரல், வீடுகள் 45, கூட்டம் 9, ஞானஸ்நானம் 4. மே, 47, 10, 4. இதில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, மழை பெய்யவில்லை, யாரும் சண்டை போட்டுச் சபையை விட்டுப் போகவில்லை. இது ஊழியத்தின் கணக்கல்ல, நாம் கேட்ட எண்ணை நிரப்பியது. மாதா மாதம் எண்ணிக்கை கேட்டால் ஜட்சனுக்கும் கேரிக்கும் நாம் இரண்டாம் வருடமே பணத்தை நிறுத்தியிருப்போம். ஒரே போதகரின் படம் இரண்டு அமைப்புகளின் செய்திமடலில் இரண்டு வேறு பெயரோடு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். தாங்குகிறவர்களின் பசிக்கு இடையில் இருந்த யாரோ தீனி போட்டிருக்கிறார்கள். பள்ளியிடம் கேட்க வேண்டியது வேறு: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், மூன்று வருடம் கழித்து அவர்கள் எங்கே, யார் அவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். கடைசிக் கேள்விக்கு "எங்கள் சபை" என்ற பதில் கூடிக்கொண்டே போனால் உங்கள் பணம் வேலை செய்கிறது.

கையில் காசு இருக்கிறது என்பதற்காகக் கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்த பஞ்சத்தில், ஓங்கோலில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் க்ளஃப், பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். மேற்பார்வைக்கு அவருடைய தெலுங்குப் பிரசங்கிகளே இருந்தார்கள். கேட்டு வந்தவர்களுக்கு அந்தக் காலம் முழுவதும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று பஞ்சம் தணியும்வரை பொறுத்தார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் முழுக்கெடுத்தார்கள். முழுக்குக் கொடுத்தவர்கள் ஆறு உள்ளூர்ப் பிரசங்கிகள், இரண்டிரண்டு பேராக மாறி மாறி. எண்ணைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கடைசி விவரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மியான்மரில் இன்று நிலைமை இன்னும் மோசம். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சின், கச்சின், கரேன் பகுதிகளில் சபை சபையாக மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். கச்சின் பாப்டிஸ்ட் தலைவர் கலாம் சாம்சனை 2022 டிசம்பரில் கைது செய்து சிறையில் போட்டார்கள், 2024இல்தான் விடுதலை. முகாமில் இருக்கும் சபையிடம் போய், உங்கள் போதகரை நீங்களே தாங்குங்கள் என்று பஸ்ஸேன் பாடம் நடத்துவது கொடுமை. அங்கே கொடுங்கள், ஆனால் நிவாரணமாக, முகாமில் உள்ள எல்லாருக்கும், கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் சேர்த்து. போதகர் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கவர் போனால் அந்த முகாமில் அவர் எப்படி நிமிர்ந்து நடப்பார்? முகாமில் உள்ளவர்களின் பெயர், முகம், ஊர் எதையும் உங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது.

பணம் அனுப்பும் வழியைக் கவனியுங்கள். தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். சபை அறக்கட்டளையின் பெயரில் அனுப்புவது வேறு கதை. அறக்கட்டளைகளுக்கு உள்ள வருமான வரி விலக்கு இந்தியாவுக்குள் செலவாகும் பணத்துக்கு. வெளிநாட்டில் செலவிட்டால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் விலக்கு கிடைக்காது. உங்கள் சபைக்கு வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு இருந்தால் அந்தப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. 2022 அக்டோபரிலிருந்து மியான்மர் சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கறுப்புப் பட்டியலில் இருப்பதால் வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும். உண்டியல், அதாவது ஹவாலா, வழியாக அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்பார்கள். அது குற்றம், பெற்றுக்கொள்பவருக்கு அங்கே அதைவிட ஆபத்து. ஆடிட்டரிடம் பேசாமல் கமிட்டியில் தீர்மானம் எழுத வேண்டாம்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நான் எழுதுவதானால், பத்துப் பேருக்குச் சம்பளம் தர இயலாது, அவர்கள் படித்த பள்ளி எது, அதை எந்தச் சபைக் கூட்டமைப்பு நடத்துகிறது என்று கேட்பேன். பதிலைக் கூட்டமைப்பின் செயலாளரே எழுதட்டும், நடுவில் உள்ள அமைப்பு அல்ல. பள்ளி உண்மையாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். முதல் வருடம் மாணவர் செலவில் முக்கால் பங்கு, அடுத்தது பாதி, அதற்கடுத்தது கால். மீதியை மாணவரை அனுப்பும் சபை போடட்டும், அரிசியாகவோ காய்கறியாகவோ போட்டாலும் சரி. ஆசிரியர் சம்பளத்தையும் நூலகத்தையும் குறைக்காமல் கொடுங்கள், அவற்றைக் கிராமச் சபையால் தாங்க முடியாது. கட்டடம் கேட்டால் மட்டும் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள், குண்டு விழும் ஊரில் யாரும் கட்டடம் கட்டக் கூடாது. பதில் வர ஆறேழு வாரம் ஆனால் பதறாதீர்கள். அங்கே மின்சாரமும் இணையமும் ஒன்றாக வரும் நாளில்தான் அவர்களால் எழுத முடியும்.